நாகப்பட்டினத்துப் பென்சில் கோடு

ரயில் நிலையப் பலகையில், ஊர்ப் பெயரோடு, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதியிருக்கும். எந்தக் கடல்? ஓயாமல் ஏறி இறங்கும் நீருக்கு ஏது மட்டம்? 1909-ல் இந்திய நில அளவைத் துறை இதற்கு ஒரு விடை வகுத்தது. கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையின் ஃபால்ஸ் பாயின்ட் ஆகிய ஒன்பது இடங்களின் சராசரிக் கடல் மட்டத்தை நாட்டுக்கே பூஜ்ஜியமாக வைத்தார்கள். ஊட்டி மலையின் உயரத்திலும் நாகப்பட்டினத்துக் கடலுக்கு ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்தப் பங்கைக் கொடுத்தது ஒரு பென்சில் கோடு.

1877 முதல் இந்தியத் துறைமுகங்களில் ஓதத்தை முறையாக அளக்கும் வேலையைக் கேப்டன் பேர்டு என்ற ராணுவப் பொறியாளர் நடத்தினார். கருவி எளிமையானது. கரையோரம் கிணறு போல ஓர் இரும்புக் குழாய்; கடல்நீர் நுழைய அதில் சிறு துளை. வெளியே அலை எவ்வளவு ஆர்ப்பரித்தாலும் துளை வழியே மெல்லத்தான் நீர் உள்ளே வரும். அதனால் அலையின் ஆட்டம் வெளியே நின்றுவிடும். ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் மட்டும் உள்ளே வரும். நீரில் ஒரு மிதவை. மிதவையோடு இணைத்த பென்சில். கடிகார வேகத்தில் சுழலும் உருளையில் சுற்றிய தாள். ஒரு நாளைக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மேடு உயரும், அஷ்டமியை ஒட்டித் தணியும். கடல் தன் கையால் எழுதிய நாட்குறிப்பு அது.

அந்தத் தாள்களிலிருந்து மணிக்கு மணி உயரத்தை எடுத்து எழுதி, நிலவின் இழுப்பு எவ்வளவு, சூரியனின் இழுப்பு எவ்வளவு என்று பிரித்தார்கள். கெல்வினும், சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வினும் வளர்த்தெடுத்த கணக்கு முறை அது. பிரித்த எண்கள் கப்பலேறி லண்டன் போயின. அங்கே இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-ல் ஓர் இயந்திரம் செய்திருந்தார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு கப்பி. எல்லாக் கப்பிகள் மேலும் ஓடும் ஒரே கம்பி. கம்பியின் நுனியில் பேனா. கைப்பிடியைச் சுற்றினால் வரப்போகும் ஆண்டின் ஓதத்தை அது வரைந்து தரும். நாகப்பட்டினத்தில் பென்சில் வரைந்த கோடு, லண்டனில் எதிர்காலக் கோடாக மாறித் துறைமுக அட்டவணையாகத் திரும்பி வந்தது.

கணக்கு சொன்ன உயரத்தை அளவி காட்டும் உயரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதில்தான் செய்தி இருக்கிறது. புயல் தள்ளிவரும் நீர் அந்த மிச்சத்தில் தெரியும். அதே புயல் வற்றத்தில் கரையேறினால் ஊர் தப்பலாம். ஏற்றத்தில் வந்தால் நீர் தெருவுக்குள் வரும்.

1881 டிசம்பர் 31, சனிக்கிழமை. கார் நிக்கோபார் அருகே கடலடி நிலம் அசைந்தது. மெத்தென்று வளைந்து போகவேண்டிய கோடு, ரம்பப் பல் போலக் கிடுகிடுவென்று ஏறி இறங்கியது. போர்ட் பிளேர், சென்னை, நாகப்பட்டினம் என வங்கக் கடலைச் சுற்றி எட்டு அளவிகள் அதில் எழுந்த சுனாமி அலையைப் பிடித்தன. உச்சம் 0.8 மீட்டர்தான். இரண்டு ஆண்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும் பென்சில்கள் துடித்தன. பேர்டு அதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

பிறகு நெடுந்தூக்கம். 2003-ல் மொடெஸ்டோ ஒர்டிஸ், ரோஜர் பில்ஹம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த 1881-ஆம் ஆண்டுக் கோடுகளைக் கையில் எடுத்தார்கள். அலையின் உருவத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்றும், இந்தியத் தட்டும் அந்தமான் தட்டும் உரசும் எல்லையில் அது நிகழ்ந்தது என்றும் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, டிசம்பர் 26-ல், அதே எல்லை சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கிழிந்தது.

அன்று காலை 6.29-க்கு நிலம் அதிர்ந்தது. சென்னைக்கும் நாகைக்கும் அலை வந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையில் இரண்டரை மணி நேரம். அதற்குள் அலை போர்ட் பிளேரைத் தொட்டுவிட்டது, 1881-ல் தொட்டது போலவே. ஆனால் அங்கே ஏறிய நீரைப் பற்றி இங்கே மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. சென்னைத் துறைமுக அளவி அலையைப் பிசகாமல் பதிந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. துறைமுகங்களில் இப்போது ரேடார் அளவிகள் இருக்கின்றன. நீரின்மேல் ரேடியோ அலையைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணித்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியே ஹைதராபாத்துக்கு அனுப்புகின்றன. கப்பலேறிப் போன எண் இப்போது வானம் வழியாகப் போகிறது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். தமிழகக் கரைக்கும் எச்சரிக்கை வந்தது. 2004-ஐ மறக்காத குப்பங்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஹைதராபாத்தில் அளவிகள் காட்டிய உயரத்திலிருந்து ஓதக் கணக்கைக் கழித்துக்கொண்டே இருந்தார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான். மாலையில் எச்சரிக்கையை விலக்கினார்கள். இருட்டத் தொடங்கியபோது சனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.