கட்டணமில்லா இணையவழிப் பாடங்களும் ஆசிரியர் துணையும்: சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகள் (2012–2013)

முன்னுரை

எவரும் கட்டணமின்றிச் சேரத்தக்க திறந்தநிலை இணையவழிப் பாடங்கள் உயர்கல்வியை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கும் என்னும் நம்பிக்கை 2012இல் உச்சத்தை எட்டியது. உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய மூன்றும் அவ்வாண்டிலேயே பாடங்களை வழங்கத் தொடங்கின. அந்நம்பிக்கை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சேர்க்கையும் நிறைவும்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2011இல் இணையத்தில் வழங்கிய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவுசெய்தனர். 2012இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் பதிந்தோர் 1,54,763 பேர். சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர். நூற்றுக்கு ஐவருக்கும் குறைவான இவ்வளவைத் தோல்வி என்று மட்டும் கொள்ளவியலாது. ஆர்வத்தால் பதிந்து விலகுவோர் கட்டணமில்லாப் பாடத்தில் மிகுதி. அன்றியும், 7,157 என்பது ஒரே பருவத்தில் எந்த நேர்வகுப்பும் எட்டவியலாத எண். எனவே, பட்டத்திற்காகப் பயிலும் மாணவருக்கு இப்பாடங்கள் எவ்வாறு பயன்பட்டன என்பதே தக்க அளவுகோலாகும்.

இரு சோதனைகள்

2012இன் பிற்பகுதியில் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகம் மேற்கூறிய எம்.ஐ.டி. பாடத்தைத் தன் பொறியியல் மாணவருக்குப் பயன்படுத்தியது. மாணவர் விரிவுரைகளை வீட்டில் கண்டனர். வகுப்பில் ஆசிரியர் துணையுடன் கணக்குகளுக்குத் தீர்வு கண்டனர். முன்னர் 60 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்த தேர்ச்சி 91 விழுக்காடாக உயர்ந்தது.

2013 ஜனவரியில் அப்பல்கலைக்கழகம் உடாசிட்டியுடன் இணைந்து மூன்று கணிதப் பாடங்களை முற்றிலும் இணையவழியில் தொடங்கியது. பாடங்களை எவரும் இலவசமாகக் காணலாம். பல்கலைக்கழக மதிப்பலகு பெறுவதற்கு மட்டும் 150 டாலர் கட்டணம். முதற்பருவத்தில் எப்பாடத்திலும் தேர்ச்சி 51 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஜூலையில் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. பங்கேற்றோருள் முன்பே கணிதத்தில் தோற்றவர்களும் பள்ளி மாணவரும் இருந்தமையால் இரு சோதனைகளும் நேரொப்பீட்டிற்கு உரியன அல்ல. ஆயினும், எவருக்கு இவ்வாய்ப்பு மிகுதியும் தேவைப்பட்டதோ, அவருக்கே ஆசிரியர் துணையும் மிகுதியாகத் தேவைப்பட்டது என்பது தெளிவாகிறது.

ஆசிரியர்களின் மறுப்பு

அதே ஆண்டு ஏப்ரலில் அப்பல்கலைக்கழக மெய்யியல் துறையினர், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் நீதி குறித்த இணையவழிப் பாடத்தைப் பயன்படுத்த மறுத்து, அவருக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினர். வசதியுடையோர் பேராசிரியருடன் நேரில் உரையாட, ஏனையோர் அவ்வுரையாடலின் பதிவைக் காணும் இருவகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் என்பதே அவர்களது அச்சம். அது தொழில்நுட்பத்தின் மீதான அச்சமன்று. ஆசிரியர் பணியிடங்களுக்கு மாற்றாக அது பயன்படுத்தப்படுவது குறித்த அச்சமாகும்.

முடிவுரை

இவ்வினா கலிபோர்னியாவோடு நிற்பதன்று. இந்தியாவில் 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தின் பாடங்களை ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடமளிக்கிறது. இப்பாடங்கள் வகுப்பறைக்குத் துணையாகின்றனவா, ஆசிரியருக்கு ஈடாக வைக்கப்படுகின்றனவா என்பதைப் பொறுத்தே அவற்றின் பயன் அமையும் என்பதைச் சான் ஹொசே அனுபவம் உணர்த்துகிறது.