அவுட்டூ

அவுட்டூ என்பது ஒரு செயலில் மற்றொருவரை விஞ்சுதல் என்னும் பொருள் தரும் ஆங்கில வினைச்சொல்லாகும். வெளி, அப்பால் என்று பொருள்படும் ‘அவுட்’ என்ற முன்னொட்டு, செய்தலைக் குறிக்கும் ‘டூ’ என்ற வினையோடு சேர்ந்து உருவான இச்சொல், 1300ஐ ஒட்டிய இடைக்கால ஆங்கிலத்தில் வெளியேற்றுதல், விலக்குதல் என்ற நேர்ப்பொருளிலேயே வழங்கியது. இன்றைய பொருள் ஏறத்தாழ 1600 முதல்தான் எழுத்தில் காணப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் ‘கோரியலேனஸ்’ நாடகத்தில், போர்முனையில் மகன் ஆற்றிய வீரச்செயல் அவனுடைய பழைய செயல்களையே விஞ்சியதாகத் தாய் வலம்னியா பேசுமிடத்தில் இவ்வினை வருகிறது. இறந்தகாலத்தில் அவுட்டிட் என்றும் எச்ச வடிவில் அவுட்டன் என்றும், அடிச்சொல்லாகிய ‘டூ’வைப் போலவே இது ஒழுங்கற்றுத் திரியும்.

இச்சொல்லின் வலிமை வினைப்பகுதியைவிட முன்னொட்டிலேயே தங்கியிருக்கிறது. ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ அப்பொருளில் செயப்படுபொருள் வேண்டாத வினையாயினும், முன்னொட்டுச் சேர்ந்து ‘அவுட்ரன்’ ஆனதும் ஓட்டத்தில் பின்தங்கியவர் அதன் செயப்படுபொருளாகிவிடுகிறார். விற்றலைக் குறிக்கும் ‘செல்’ விற்கப்படும் சரக்கைச் செயப்படுபொருளாகக் கொள்ள, ‘அவுட்செல்’ சரக்கைக் கைவிட்டுப் போட்டி வணிகரையோ போட்டிப் பொருளையோ அவ்விடத்தில் அமர்த்துகிறது. பெயர்ச்சொற்களும் இதற்கு விலக்கல்ல: மதிநுட்பத்தால் ஏமாற்றி வெல்லுதல் ‘அவுட்விட்’, எண்ணிக்கையில் மிகுதல் ‘அவுட்நம்பர்’. சிறப்புப்பெயரைக்கூட வினையாக்கும் துணிவு ‘ஹாம்லெட்’ நாடகத்தில் காணப்படுகிறது; இடைக்காலச் சமய நாடகங்களில் மேடையதிரக் கத்தும் பாத்திரமாகிய ஏரோது மன்னனையே மிஞ்சும் நடிகனைக் கண்டிக்க, அம்மன்னன் பெயரோடு இம்முன்னொட்டு சேர்க்கப்பட்டது. எல்லாச் சொல்லிலும் போட்டி இருந்தாக வேண்டும் என்பதில்லை; ஒருவரைவிட நெடுநாள் வாழ்தலைக் குறிக்கும் ‘அவுட்லிவ்’ வினையை, கட்டிய மன்னனுக்குப் பின்னும் நிலைத்திருக்கும் கோட்டைக்கும் ஆளலாம்.

முன்னொட்டாக நிற்பதும் தனிச்சொல்லாகப் பின்னால் நிற்பதும் ஒன்றல்ல. கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பைக் குறிக்கும் ‘ரன் அவுட்’ தமிழ்ச் சிறுவர்களுக்கும் பழகிய சொல். ‘அவுட்ரன்’ அதனோடு எந்த உறவும் அற்றது. ஒலிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு: விஞ்சுதலைக் குறிக்கும் வினைகளில் அழுத்தம் பொதுவாக அடிச்சொல்லின்மேல் விழ, எல்லைக்கோட்டைக் குறிக்கும் ‘அவுட்லைன்’ போன்ற பெயர்களில் அது முன்னொட்டின்மேல் விழுகிறது. அளவு மீறிச் செய்தலைக் குறிக்கும் ‘ஓவர்டூ’வையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது, அதில் மீறப்படுவது ஆள் அன்று, அளவு.

ஒருபொருட் சொற்களுள் பிரெஞ்சு வழி வந்த ‘சர்பாஸ்’ ஏட்டுநடைக்கு உரியது. ‘எக்செல்’ இக்காலத்தில் பெரும்பாலும் துறையையோ செயலையோ சுட்டி, ஒப்பிடப்படுபவரைக் கூறாமலே சிறப்பைச் சொல்கிறது. அவுட்டூ இவற்றைவிடப் பேச்சுக்கு நெருங்கியது, போட்டியுணர்வும் மிகுந்தது. இதன் எதிர்மறைச் செயப்பாட்டு வடிவம், பிறர் ஒன்றைச் செய்யக் கண்டு தானும் சளைத்தவனல்லன் என ஒருவன் களமிறங்குவதைச் சொல்லும் மரபுத்தொடராக, பெரும்பாலும் மெல்லிய கேலியோடு, வழங்குகிறது. தற்சுட்டுப் பெயரோடு வரும்போது, ஒருவர் தம் முந்தைய திறனையே தாண்டியதைப் பாராட்டும் தொடராக அமைகிறது. விருந்து சமைத்தவரை மெச்சும் வீட்டுப் பேச்சிலும் இது கேட்கும்.