ஒரு கூட்டல் குறியின் கதை

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிற எங்கட ஆக்களில் கனபேர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பது ஒரே மொழி என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே குறிகள்தான், ஆனால் ஊருக்கு ஊர் பொருள் வேறு.

இதன் வேர் கணிதத்தில் இருக்கிறது. ஸ்டீபன் கிளீனி 1951இல் எழுதி 1956இல் அச்சில் வந்த கட்டுரைதான் தொடக்கம். 1968இல் கென் தாம்சன் அதைத் தேடலுக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். பிறகு அவருடைய 'ஈடி' எடிட்டரில் இருந்து 1973இல் 'கிரெப்' பிறந்தது. அதில் * உண்டு, + இல்லை. 1979இல் வந்த ஏழாம் யுனிக்ஸ் பதிப்பில், அல்பிரட் ஆஹோவின் 'எக்ரெப்' +, ?, | மூன்றையும் கொண்டு வந்தது. பழைய ஸ்கிரிப்டுகள் உடையக்கூடாதே! அதனால் 1992இல் போசிக்ஸ் தரநிலை இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. ஒன்று 'அடிப்படை', மற்றது 'விரிவு'.

சிக்கல் இங்கேதான். அடிப்படை வகையில் + வெறும் கூட்டல் குறி. குனுக்காரர் \+ என்று எழுதினால் 'ஒன்றோ பலவோ' என்று பொருள் வைத்தார்கள். பழைய மக்கில் இருந்த 'செட்'டுக்கு அது விளங்காது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றை மக்கில் ஓடவிட்டார்கள். பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை, எதையும் திருத்தவும் இல்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் கண்டுபிடித்தோம். கத்துகிற பிழையை விட, சத்தம் போடாத பிழைதான் ஆபத்து.

தமிழுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. 'தமிழ்' எங்களுக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் ஐந்து குறியீடுகள், யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட்டுகள். ஒரு புள்ளி எதைப் பிடிக்கும் என்பதை மொழி அமைப்புத்தான் தீர்மானிக்கும். கையால் ஓட்டினால் ஐந்து புள்ளி தேவை. அதே ஸ்கிரிப்ட் இரவில் கிரானில் மொழி அமைப்பு இல்லாமல் ஓடினால் பதினைந்து. எங்கட பெயர்ப்பட்டியல்களில் ஆட்கள் காணாமல் போவதற்கு இது போதும்.

என்ன செய்யலாம்? 'ஒன்றோ பலவோ' வேண்டுமென்றால் எழுத்தை இரண்டு தரம் எழுதி, இரண்டாவதுக்குப் பின்னால் * போடுங்கள், எங்கும் ஓடும். விரிவு வகை வேண்டுமென்றால் கிரெப்புக்கு பெரிய 'ஈ' தெரிவைக் கொடுங்கள். 2022இல் வந்த குனு கிரெப் 3.8, எக்ரெப் என்ற பெயரையே பழசு என்று எச்சரிக்கிறது. மொழி அமைப்பை ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

என் மெஷினில் ஓடுகிறதே என்பது பதில் இல்லை. நாடு மாறி வந்த எங்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை.