சூலையும் ஒற்றைத் தலைவலியும்

எனக்கு ஒற்றைத் தலைவலி வர ஆரம்பிச்சு 32 வருஷம் ஆகுது. முதல் தடவை வந்தப்போ 14 வயசு. கடலூர் முதுநகரில் இருந்தோம். கண்ணுக்கு முன்னால் பல்சக்கரம் மாதிரி ஒரு வெளிச்சம் ஓடியது. அரைமணி நேரத்தில் இடது பொட்டில் வலி. ஆயா நெத்தியில் துணியை இறுக்கிக் கட்டி, இருட்டு அறையில் படுக்க வைத்தார். திருநீறு பூசிவிட்டு அப்பர் கதையைச் சொன்னார்: "அவருக்குத் தாங்காத வயித்துவலி. ஒரே ஒரு பதிகம் பாடினாரு, போயிடுச்சு." எனக்குப் போகவில்லை.

கதை எங்கள் பக்கத்துக் கதைதான். ஏழாம் நூற்றாண்டு. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தார். அந்த ஊர்தான் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். அங்கேதான் சூலை பிடித்தது. சமணர்கள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், பலன் இல்லை. அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். 'அங்கே நான் வரமாட்டேன்' என்று பதில் வந்தது. பாயையும் பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி உடுத்தி, இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போனார். அக்கா திருநீறு கொடுத்தார், கோயிலில் பதிகம் பாடினார், வலி நின்றது.

இவ்வளவும் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது. அந்த நூல் 12-ஆம் நூற்றாண்டு. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. அப்பருக்கும் சேக்கிழாருக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டு. சமணர் வைத்தியம் தோற்றதைச் சொல்வது சைவ நூல் என்பதையும் மறக்கக் கூடாது.

சிதம்பரத்தில் படித்த காலத்தில்தான் அந்தப் பதிகத்தை, 'கூற்றாயினவாறு' என்று தொடங்குவதை, முழுசா உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கும் தலைவலி விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பத்துப் பாட்டு. குடலைப் பிடித்து முடக்குகிறது என்கிறார். பூவையும் தூபத்தையும் நான் மறந்ததே இல்லையே என்று கணக்குக் கேட்கிறார். உன் அடியார் படும் பாடு இதுதான் என்றால் என்னைப் போன்றவர்கள் இனி உன்னை நம்புவார்களா என்று கோபித்துக்கொள்கிறார். கடைசிப் பாட்டிலும் வியர்த்து, புரண்டு, விழுந்து எழுந்து, வேதனையை விலக்கு என்றுதான் கேட்கிறார். தீர்ந்தது என்று பத்துப் பாட்டில் ஒரு சொல் இல்லை.

எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்தது. நான் கேட்டு வளர்ந்தது வலி தீர்ந்த கதை. பதிகம் வலிக்குள் இருந்துகொண்டு பேசுகிறது. மறுபடி மறுபடி வரும் நோய் உள்ளவருக்கு நாலு பேர் சொல்வது தீர்ந்த கதைகளைத்தான்: இந்த எண்ணெய், அந்தக் கோயில், இன்னொரு டாக்டர். தீரவில்லை என்றால் குறை நம்மிடம் என்று ஆகிவிடும். பதிகத்தில் இருக்கும் ஆள் ஒன்றுமே தவறு செய்யவில்லை என்று தோன்றும் நேரத்திலும் வலிக்கத்தான் செய்கிறது.

பழைய கிரேக்க வைத்தியர்களும் இதைப் பாதி மண்டை வலி என்றே எழுதினார்கள். மைக்ரேன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். இத்தனை நூற்றாண்டாகியும் அடியோடு போக்கும் மருந்து இல்லை. சமாளிக்கும் வழி உண்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு, தூக்கம். வந்த தேதியை டைரியில் குறிப்பது. மாத்திரையை வலி ஏறுவதற்கு முன்னாலேயே போடுவது. அடிக்கடி போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்பதால் எண்ணிப் போடுவது. இதைக் கற்க எனக்கு இருபது வருஷம் ஆனது.

போன மாசம் என் மகளுக்கு முதல் தடவை வந்தது. இது குடும்பத்தில் தொடர்வதுண்டு. ஆயா அவ்வளவு சரியாகத் துணி கட்டியது எப்படி என்று அப்போதுதான் உறைத்தது. "எப்பம்மா போகும்?" என்றாள். அப்பர் கதையைச் சொன்னேன். திருவதிகையோடு முடிக்காமல், பத்தாவது பாட்டிலும் வலித்துக்கொண்டுதான் இருந்தது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி, டைரி குடு" என்றாள்.