கல்லில் தலை கொடுத்தவன் இருக்கிறான், அவன் வீட்டார் எங்கே?

மாமல்லபுரம் ஐந்து ரதங்களில் ரொம்பச் சின்னது திரௌபதி ரதம். கூரை வேய்ந்த குடிசை மாதிரி இருக்கும். வெளியே நின்று போட்டோ எடுத்துவிட்டு அடுத்த ரதத்துக்கு நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். உள்ளே எட்டிப் பார்த்தால் பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். அவள் காலடியில் இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் ஒரு கையால் தன் முடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் வாள் வைத்திருக்கிறான். வராக மண்டபத்துத் துர்க்கை சிற்பத்திலும் இப்படி ஒருவன் உண்டு.

முடியைக் கொடுக்கிறானா, தலையையே கொடுக்கிறானா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது. 1931ல் ஃபோகல் என்ற டச்சு அறிஞர் பல்லவர் சிற்பங்களில் வரும் தலைப்பலி பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதற்குப் பிறகு நவகண்டம், அரிகண்டம் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அதிலெல்லாம் வீரம் இருக்கிறது, பக்தி இருக்கிறது, வாளின் நீளம் கூட இருக்கிறது. அவன் வீட்டில் யார் இருந்தார்கள், மறுநாள் காலையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகத்தான் வருகிறது. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பலியும் இன்று நாம் தற்கொலை என்று சொல்வதும் ஒன்றல்ல. அது ஊரறிய, நேர்ந்துகொண்டு செய்த சடங்கு. இன்றைய மரணங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் தனிமையும் வலியும், சிகிச்சை கிடைக்காத நோயும்தான் இருக்கின்றன. ஆனால் ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பவர்களை ஊரும் அரசும் எப்படி நடத்தின என்று கேட்டால், இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க முடியும்.

நிலம் கொடுத்த ஊர்

முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்த மல்லம் என்ற ஊரில் பல்லவ அரசன் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பட்டாரி என்ற தேவிக்கு ஒருவன் நவகண்டம் கொடுத்துத் தலையையும் கொடுத்தான், அதற்காக ஊரார் நிலம் கொடுத்தார்கள் என்பது செய்தி. போரிலோ ஆநிரை மீட்பிலோ செத்தவன் குடும்பத்துக்குக் கொடுக்கிற நிலத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று பெயர்கள் உண்டு. நெய்த்தோர் என்றால் ரத்தம். ரத்தத்துக்கு ஈடாக நிலம்.

இதை அந்தக் காலத்துக் கருணைத் தொகை என்று நினைத்துப் பூரித்துவிட வேண்டாம். நிலம் கொடுப்பது அந்தச் சாவைக் கௌரவிப்பது. கௌரவித்தால் அடுத்த ஆளும் வருவான். ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது: செத்தவனுக்குப் பின்னால் சோறு தின்ன வேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது என்பது ஊர்ச்சபைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் துக்கம் கல்லில் ஏறவில்லை. கல்வெட்டு துக்கத்தைப் பதிவு செய்கிற ஆவணமும் இல்லை.

துக்கம் பதிவானது வேறு இடத்தில். கோப்பெருஞ்சோழன் மகன்களோடு பகைத்து வடக்கிருந்து உயிர்விட்டபோது, கூடவே உட்காரவந்த பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பினான். பொத்தியார் உறையூருக்குத் திரும்பினார். அரசன் இல்லாத மன்றத்தைப் பார்த்து அழுதார். நெடுங்காலம் வளர்த்த யானை போன பிறகு வெறும் கட்டுத்தறியைப் பார்த்து அழுகிற பாகனைப் போல என்று அவர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பிறகு சோழனின் நடுகல் அருகே தனக்கும் இடம் கேட்டுப் போனார். புலவர்கள் இதை நட்பின் உச்சம் என்பார்கள். இன்றைய மனநல மருத்துவர் இதே பாடல்களைப் படித்தால் வேறொன்றைக் கவனிப்பார்: இப்படி ஒருவரை இழந்தவருக்கே அந்த ஆபத்து அதிகம்.

கச்சேரிக்கு வந்த சாவு

செங்கல்பட்டுச் சீமை 1763ல் நவாபிடமிருந்து ஜாகீராகக் கும்பினி கைக்கு வந்தது. அடுத்த நூறு வருஷத்தில் சாவு ஊர்ச்சபையை விட்டுக் கச்சேரிக்குப் போனது.

இங்கிலாந்தில் அப்போது தற்கொலை குற்றம். இறந்தவரின் சொத்து அரசுக்குப் போகும், உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள். நாற்சந்தி வழக்கம் 1823லும், சொத்துப் பறிப்பு 1870லும் போனது. குற்றம் என்ற பெயர் போக 1961 வரை ஆனது. நம்மூருக்கு வந்த 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் இறந்தவர் சொத்தில் கை வைக்கவில்லை. ஆனால் 309ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது.

இந்த ஒரு பிரிவு குடும்பங்களுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும். அதனால் 'தவறி விழுந்துட்டார்', 'மருந்து மாத்திச் சாப்பிட்டுட்டார்' என்ற பொய்கள் பிறந்தன. பொய் சொன்ன குடும்பம் அதை உறவுக்காரர்களிடமும் சொல்ல வேண்டும், பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறை கழித்து அந்தப் பிள்ளைகளுக்கு உண்மை வேறு யார் வாயிலிருந்தாவது தெரியவரும்.

இறந்தவர் விஷயத்தில் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. இன்றைய புதிய சட்டத்தில் அது 194. இயற்கைக்கு மாறான மரணம் என்று தகவல் வந்தால் காவல் அதிகாரி நேரில் போய், அக்கம்பக்கத்தில் மரியாதைப்பட்ட இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுத வேண்டும். நம்மூர் வழக்கில் அவர்களுக்குப் பஞ்சாயத்தார் என்று பெயர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நேற்று வரை அடுத்த வீட்டில் காப்பிப்பொடி கடன் வாங்கியவர், இன்று அந்த வீட்டு உடலைப் பார்த்து, காயம் எங்கே என்று கேட்டு எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறார். அவர் அழலாமா, கூடாதா? வேடிக்கை பார்க்க வந்தவரைச் சட்டமே சாட்சியாக்குகிறது. கையெழுத்து வாங்கிய பிறகு அவரை யாரும் விசாரிப்பதில்லை. கடலில் இறங்கி இழுத்துவரும் மீனவர், ஆம்புலன்ஸ்காரர், பிணவறை ஊழியர் என்று இந்தப் பட்டியல் நீளும். எல்லாருக்கும் அன்று ராத்திரி தூக்கம் வராது. யார் கணக்கிலும் அவர்கள் இல்லை.

வீட்டாருக்கு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். காவல் நிலையத்தில் புகார் எழுத வேண்டும். பிரேதப் பரிசோதனை முடியும்வரை பிணவறை வாசலில் காத்திருக்க வேண்டும். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. பிறகு இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், வங்கி, காப்பீடு. தற்கொலை என்றால் இன்சூரன்ஸ் பணமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஆயுள் காப்பீட்டில் பொதுவாகப் பாலிசி தொடங்கி முதல் 12 மாதத்துக்குத்தான் அந்தத் தடை. அதைத் தாண்டியிருந்தால் கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவுக்கும் நடுவே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'என்ன காரணம்?' போலீஸ் கேட்பது சட்டத்துக்காக, தூண்டியவர் உண்டா என்று தெரிய வேண்டும். உறவுக்காரர் கேட்பது எதற்கு? அந்தக் கேள்வி வீட்டாரிடம் 'நீ என்ன பண்ணே?' என்றுதான் போய்ச் சேர்கிறது.

படையலும் பதிலும்

அரசும் சட்டமும் பேசாத இடத்தில் வீட்டுச் சாமி பேசியது. தொண்டை மண்டலத்தில் பூவாடைக்காரி வழிபாடு இன்னும் இருக்கிறது. குடும்பத்தில் இளவயதில் போன பெண்ணுக்கு, வீட்டில் கல்யாணம் காட்சி நடக்கும் முன் புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். எப்படிப் போனாள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவள் பெயர் சொல்லப்படுகிறது, வருஷங்கள் கழித்தும் அவளுக்கு வீட்டில் ஒரு இடம் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள்கூட, வாயைத் திறந்து அழ அது ஒரு நாள் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

மேலைநாட்டில் இதற்கு ஒரு துறை உருவானது 1960களின் கடைசியில்தான். எட்வின் ஷ்னெய்ட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், எஞ்சியவர்களைக் கவனிப்பதும் தடுப்புப் பணிதான் என்றார். ஒரு மரணத்துக்குச் சுமார் 6 பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்பது அவர் காலத்துக் கணக்கு. 2019ல் ஜூலி செரல் குழு வெளியிட்ட ஆய்வு, தொடுகிற வட்டம் சராசரியாக 135 பேர் என்றது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 எண்ணிக்கைப்படி தமிழ்நாட்டில் 19,834 மரணங்கள். 6ஆல் பெருக்கினாலே ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவும் ஒரே வருஷத்தில்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்க முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக மிச்சமிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லப் பயந்த காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. வழக்கப்படி முடியவில்லை.

கல்வெட்டு காலத்து ஊருக்கு, மிச்சமிருப்பவர்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவர்கள் அழுவது தெரியவில்லை. கச்சேரி காலத்துக்கு அவர்கள் சாட்சிகளாகவும் சந்தேகத்துக்குரியவர்களாகவும் மட்டுமே தெரிந்தார்கள். நம்மிடம் நிலம் இல்லை. ஆனால் தாலுகா ஆபீசுக்குக் கூடப் போய் வரிசையில் நிற்கலாம். காரணம் கேட்காமல், இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று பேசலாம், அவர் பெயரைச் சொல்லலாம். 16ஆம் நாளோடு போவதை நிறுத்திவிடாமல் மூணாம் மாசமும் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம். காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த வீடு ரொம்ப அமைதியாக இருக்கும்.

படிக்கும்போது மனசு கனத்தால், உங்களுக்கோ தெரிந்தவருக்கோ தேவைப்பட்டால்: 1986 முதல் சென்னையில் இயங்கும் ஸ்நேகா 044-24640050, அரசின் டெலி மானஸ் 14416. இழந்தவர்களும் கூப்பிடலாம்.