நாற்காலிக்கும் ஜாதகம் உண்டு

ராயபுரத்தில் மாடிப் போர்ஷன் ஒன்றுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு ஓர் ஆசை பிடித்தது. கூடத்தில் பழங்காலத்து பீரோ ஒன்று நிற்க வேண்டும், வருகிறவர்கள் அதைப் பார்த்து, "இது உங்கள் பாட்டனார் காலத்ததோ?" என்று கேட்க வேண்டும், நான் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் புன்னகை செய்ய வேண்டும். இவ்வளவுதான் ஆசை. என் பாட்டனாரிடம் பீரோவில் வைத்துப் பூட்டும்படியாக எந்தச் சொத்தும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு பழஞ்சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பீரோவைத் தட்டிக் காட்டி, "துரை வீட்டுச் சாமான் சார், நூற்றைம்பது வருஷம்!" என்றார். எந்தத் துரை, எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று பயம். மறுநாள் மீன்பாடி வண்டியில் பீரோ ஊர்வலமாக வந்து சேர்ந்தது. மாடிப்படி வளைவு வரையில் சௌகரியமாகவே ஏறிற்று. அதற்குமேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாடியில் இருந்த நாங்கள் மாடியிலும், கீழே இருந்தவர்கள் கீழேயுமாக ஒன்றரை மணி நேரம் கழிந்தது. கடைசியில் தெருக்கோடி ஆசாரியை அழைத்து வந்தோம். அவர் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பின்னாடி பிளைவுட்டு சார். கதவு ரெண்டும் பழசுதான், பொய் இல்ல. மிச்சமெல்லாம் நம்ம காலத்துப் பிள்ளை!"

இப்படி ஏமாந்ததில் நான் தனியாள் இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஹொரேஸ் வால்போல் என்று ஓர் ஆங்கிலேயர். நம் தொழில்காரர், 1764-இல் வெளிவந்த அவருடைய பேய்க்கோட்டை நாவல் அந்த வகைக் கதைகளுக்கெல்லாம் தாய். லண்டனுக்கு அருகே ஒரு வீட்டைக் கட்டி, அதற்குப் பொருத்தமாகப் பழைய சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மிகவும் மோகித்தது கருங்காலி நாற்காலிகளை. முறுக்குக் கடைசல் கால்கள். முதுகில் இடமே விடாமல் பூவும் கொடியும். எட்டாம் ஹென்றியின் மந்திரியாயிருந்த கார்டினல் உல்ஸி வாழ்ந்த மாளிகையில் அதே மாதிரி நாற்காலிகளை அவர் பார்த்திருந்தார். ஆகவே இவை உல்ஸி காலத்து இங்கிலீஷ் நாற்காலிகள்தாம் என்று தீர்மானம் செய்துவிட்டார். அவர் தீர்மானத்தை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

உண்மை என்ன? உல்ஸி இறந்தது 1530-இல். அந்த நாற்காலிகள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செய்யப்பட்ட இடம் இங்கிலாந்து அல்ல, நம் சோழமண்டலக் கரை! ஐரோப்பியக் கம்பெனிக்காரர்களுக்காக நம் ஊர்த் தச்சர்கள் கருங்காலியில் இழைத்து, செதுக்கி, கப்பலேற்றி அனுப்பிய சரக்கு அது. அந்தக் கரையில் டச்சுக்காரர்களுக்குத் தலைநகரமாயிருந்த ஊர் எது தெரியுமா? எண்ணூருக்கு வடக்கே இருக்கிற பழவேற்காடு. 1613-இல் அங்கே கெல்டிரியா என்று கோட்டை கட்டி, 1690 வரையில் அங்கிருந்தே கரை முழுவதையும் நிர்வாகம் செய்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேடாமலே கிடைக்கும் அதிர்ஷ்டத்துக்கு 'செரண்டிபிட்டி' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதல்லவா? 1754-இல் அதை உண்டாக்கியவர் இதே வால்போல்தான். செரண்டிப் என்ற இலங்கையின் பழம்பெயரிலிருந்து எடுத்தார். இலங்கையின் பெயரைத் தேடி எடுத்த மனிதர், அதற்கு எதிர்க்கரையில் பிறந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அதன் ஊரைத் தெரிந்துகொள்ளாமல் போனார். செய்த தச்சனின் பெயரோ யாருக்குமே தெரியாமல் போயிற்று.

நிற்க. கருங்காலியை விட்டு நம் வீடுகளில் உள்ள தேக்குக்கு வருவோம். 'பர்மாத் தேக்கு' என்ற இரண்டு சொற்களை மந்திரம் போலச் சொல்கிறோம். அந்த மரத்தின் கதை சாதாரணமானதல்ல. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகையால் பர்மாக் காடுகளில் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அடிமரத்தையும் வெட்டி, நின்றபடியே சாகவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் நின்று உலர்ந்தபிறகே கோடரி. அப்புறம் யானை இழுக்கும், மழைக்கால வெள்ளம் தள்ளும், ஐராவதி நதியில் தெப்பம் தெப்பமாக ரங்கூனுக்கு வரும், அங்கிருந்து கப்பல். இந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போயிற்று. பம்பாய்-பர்மா வியாபாரக் கம்பெனி கணக்கில் காட்டாமல் மரம் வெட்டியதாக மன்னர் தீபோவின் அரசாங்கம் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்து 1885-இல் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னர் ரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டு, 1916-இல் அங்கேயே இறந்தார். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைக் கண்டு அதிசயிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

மரம் வந்த வழியிலேயே பிறகு மனிதர்களும் வந்தார்கள். 1942-இல் ஜப்பானியருக்குப் பயந்து கால்நடையாக வந்தவர்கள் ஒரு கூட்டம். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகண்ணிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள் இன்னொரு கூட்டம். எண்ணூர்ப் பக்கம் அவர்கள் குடியேறிய இடத்துக்கு இன்றும் பர்மா நகர் என்றே பெயர்.

பீரோ விஷயத்தில் புத்தி வந்த நான், ஆறு மாதம் கழித்து ஒரு தரகரோடு அங்கே போனேன். ஒரு வீட்டில் பழைய தேக்குப் பெட்டி விலைக்கு இருப்பதாகச் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். விற்க விரும்பியவர் பேரன், பெரியவர் பேசவில்லை. நான் ஆசாரியிடம் கற்ற வித்தையையெல்லாம் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தேன். அடியில் கை விட்டுத் தடவினேன்; இழைப்புளி ஓடிய மேடுபள்ளம் விரலில் தட்டிற்று. மூலையில் பலகைகள் விரல் கோத்தாற்போல் ஒன்றையொன்று பற்றியிருந்தன. ஒரு விரல் தடிப்பு, ஒரு விரல் மெலிவு. கை வேலைக்கு அதுவே அடையாளம். யந்திரம் வெட்டினால் எல்லாம் ஒரே அளவாயிருக்கும்.

"எதுக்கு வாங்குறீங்க, தம்பி?" என்றார் பெரியவர்.

"கூடத்தில் வைக்க, அய்யா. பார்வைக்கு."

அவர் சிறிது நேரம் பெட்டியைப் பார்த்தார். "ரங்கூன்ல எங்கப்பா செய்யச் சொன்ன பெட்டி. கடை போச்சு, வீடு போச்சு. துணிமணியை இதுல போட்டுக்கிட்டு வந்தோம். இங்க வந்து அறுபது வருஷமா அரிசி போட்டு வச்சிருந்தோம். பூச்சி அண்டினதில்ல. பார்வைக்கு வைக்காதீங்க தம்பி. அரிசி போட்டு வையுங்க."

பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

பழஞ்சாமான் வாங்க நினைக்கும் நேயர்களுக்கு இனி என்னால் தைரியமாகச் சில வார்த்தைகள் சொல்ல முடியும். முதலில் மாடிப்படியை அள்ந்துகொள்ளுங்கள், பிறகு சாமானை. படி குறுகல் என்றால், பழைய பட்டாளத்து அதிகாரிகள் முகாமுக்கு முகாம் கொண்டுபோன இழுப்பறைப் பெட்டிகளைத் தேடலாம். மூலைக்கு மூலை பித்தளை அடித்து, இரண்டு பாகமாகப் பிரியும். எங்கள் வடசென்னைக்கு உப்புக் காற்று ஒரு நிரந்தர விருந்தாளி. இரும்பு பீரோ சில வருஷத்தில் துருவேறும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு தாக்குப் பிடிக்கும். தூசி இன்னொரு விருந்தாளி. துறைமுகத்து நிலக்கரித் தூளை 2011-இல் நீதிமன்றம் நிறுத்தி ராயபுரத்துக்குப் புண்ணியம் கட்டிக்கொண்டது. எண்ணூர்க்காரர்களுக்கு இன்னும் அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே பூவேலை செதுக்கிய நாற்காலி வேண்டாம்; ஒவ்வொரு இதழையும் துடைக்க உங்கள் வீட்டில் யாருக்குப் பொழுதிருக்கிறது? ஒரே துணி வீச்சில் துடைக்கிற மாதிரியான சாதா வேலைப்பாடு போதும். பிரம்பு தளர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், பின்னிக்கொள்ளலாம். கால் உளுத்திருந்தால் பயப்படுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். வால்போல் கேட்கவில்லை, நானும் முதல் தடவை கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும் என்று பயப்பட வேண்டாம். பொய்ச் சரக்கானால் இறங்கும். உண்மைச் சரக்கானால் ஏறிய விலை நியாயமானதுதான்.

பெட்டி இப்போது என் சமையலறையில் இருக்கிறது. வருகிறவர்கள், "இவ்வளவு அருமையான சாமானைக் கூடத்தில் வைக்காமல் இங்கே வைத்திருக்கிறீர்களே!" என்கிறார்கள். நான் மூடியைத் திறந்து காட்டுகிறேன். உள்ளே பாதியளவுக்கு அரிசி இருக்கிறது. பூச்சி இல்லை.