நீலத் தட்டு யாருடையது?

பெரிய கிடங்குகளில் லாரியிலிருந்து சரக்கு இறங்கும் இடத்தில், பலகைகளை ஆணியடித்துச் செய்த தட்டுகள் அடுக்கடுக்காகக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இவற்றுக்குப் பேலட் என்று பெயர். ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கரங்களை அடியில் செலுத்தி, தட்டையும் அதன் மேலுள்ள சரக்கையும் சேர்த்தே தூக்கிவிடும். பல நாடுகளில் இத்தட்டுகள் நீல நிறத்தில் இருக்கும். அது அழகுக்காகப் பூசிய சாயமன்று. ‘இது உன்னுடையதல்ல’ என்னும் அறிவிப்பு.

இதன் கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் அங்கே முகாமிட்டிருந்தன. கப்பலில் வந்த தளவாடங்களை விரைந்து இறக்க ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளும் தட்டுகளும் பயன்பட்டன. 1945-இல் போர் முடிந்தது. படைகள் ஊர் திரும்பின. தட்டுகளும் வண்டிகளும் அங்கேயே தங்கிவிட்டன. ஆஸ்திரேலிய அரசு அவற்றைத் திரட்டி, வேண்டியவர்களுக்குக் கொடுத்து வாங்க ஒரு பொது அமைப்பை நிறுவியது. ‘காமன்வெல்த் ஹேண்ட்லிங் எக்விப்மென்ட் பூல்’ என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘செப்’ ஆயிற்று. 1958-இல் அரசு இதைப் பிராம்பிள்ஸ் நிறுவனத்துக்கு விற்றது. 1875-இல் நியூகாசில் நகரில் ஓர் இறைச்சிக் கடைக்காரர் தொடங்கிய நிறுவனம் அது!

செப் தன் தட்டுகளை விற்பதே இல்லை. வாடகைக்கு மட்டுமே விடுகிறது. ஆஸ்திரேலியாவில் நம் வங்கிக் கணக்கைப் போல ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தட்டுக் கணக்கு உண்டு. பிஸ்கட் ஆலை இருபது தட்டுகளில் சரக்கு அனுப்பினால், பெற்றுக்கொண்ட கடையின் கணக்குக்கு அந்த இருபதும் மாற வேண்டும். மாற்றச் சீட்டு பதிவாகாமற்போனால், கையில் இல்லாத தட்டுக்கு ஆலை நாள்தோறும் வாடகை கட்டிக்கொண்டிருக்கும். சாயம் உடைமையைச் சுட்டுமே தவிர, அதைக் காப்பது இந்தப் பேரேடுதான். அங்கே சிவப்புத் தட்டு என்றால் லாஸ்கேம் என்னும் போட்டி நிறுவனத்துடையது.

ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-இல் வேறு வழி கண்டன. 800 மி.மீ. அகலம், 1,200 மி.மீ. நீளம் என அளவை நிர்ணயித்தன. பத்துத் தட்டில் சரக்கு வந்தால், அதே தரத்தில் வேறு பத்துக் காலித் தட்டுகளைத் திருப்பித் தந்தால் போதும். எந்தத் தட்டு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை; ஆகவே சாயமும் தேவைப்படவில்லை. எனக்கு இதுவே எளிய ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் நல்ல தட்டை வைத்துக்கொண்டு உடைந்ததைத் தள்ளிவிடுகிறவர்களும் இருப்பார்களே!

1990-இல் நீலத் தட்டு அமெரிக்காவில் நுழைந்தபோது சிக்கல் முற்றியது. அங்கே பழைய தட்டுகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்போர் ஏராளம். அவர்களிடம் நீலத் தட்டுகளும் கலந்து வந்து குவிந்தன. “தேடி வந்தவை அல்ல, பிரித்து அடுக்கிய கூலியை யார் தருவது?” என்று அவர்கள் கேட்டார்கள். “விற்காத பொருள் எங்கே கிடந்தாலும் எங்களுடையதே” என்றது நிறுவனம். உரிமையாளர் தாமாகக் கைவிட்டாலன்றிப் பொருளின் உரிமை போகாது என்பது பொதுச் சட்டக் கொள்கை. வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. இதற்கிடையே, தட்டுகளைத் திரும்ப ஒப்படைப்போருக்குத் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று நிறுவனமே ஒரு தொகை கொடுத்து மீட்கும் ஏற்பாடும் வந்தது.